இருக்கையில் ஆள் இல்லை

கடந்த மழைக்காலத்தில் மூன்று வாரங்கள், மௌலா அலியில் ஒரு வளாகத்தின் வேப்பமரத்தடியில் புல்வெட்டும் வண்டி ஒன்று கிளம்பாமல் நின்றது. அமர்ந்து ஓட்டும் வகை. அது கிளம்பாததற்குப் பேட்டரியே காரணம் என்று புதிய பேட்டரி வாங்கினார்கள். பேட்டரி கெட்டதற்கு ஓட்டுபவரே காரணம் என்று அதன் விலையான 4,200 ரூபாயை அவருடைய சம்பளத்தில் மூன்று தவணைகளாகப் பிடித்துக்கொள்வதென ஒப்பந்தக்காரர் முடிவு செய்தார். முதல் தவணை பிடித்தாகிவிட்டது. வண்டி அதன் பிறகும் கிளம்பவில்லை. இப்பதிவு அந்த வண்டியைப் பற்றியது, சற்று நீளமானது. எந்திரங்களில் நாட்டமில்லாதவர்கள் அந்த 4,200 ரூபாய்க்காகவேனும் படிக்கலாம்.

மௌலா அலி, செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டை செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது. பெரிய பாறைக்குன்று, அதன் உச்சியில் தர்கா, அடிவாரத்தில் உருதுக் கவிஞர் மஹ் லகா பாயின் கல்லறை. குன்றைவிட்டு இறங்கினால் முற்றிலும் வேறு உலகம்: ரயில்வேயின் லோகோ ஷெட், ரயில்வே பயிற்சி நிறுவனம், லேத் பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டை. சற்றுத் தள்ளி 1967-இல் தொடங்கிய எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் 1971-இல் வந்த அணு எரிபொருள் வளாகமும். இந்த ஊரில் ஓர் எந்திரம் கெட்டால் கருத்துச் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நான் மின்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மின்கலங்களின் மின்முனைகள் காலப்போக்கில் எவ்வாறு நலிகின்றன என்பது என் துறை. வீட்டு வாரியக் குடியிருப்பை அடுத்த ஒரு சந்தில் மாடியறையில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீசல் மெக்கானிக். தாத்தா காலத்தில் ஆர்க்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம். செகந்திராபாத்தைச் சுற்றி இப்படிப் பல தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சந்து முழுவதும் அவரை மேஸ்திரி என்றே அழைக்கும்; நான் ஐயா என்பேன்.

அந்தப் பெண்ணும் எங்கள் சந்துதான். நான் அவரை அக்கா என்று அழைப்பேன். தெலுங்கிலும் அதே சொல் என்பதால், இந்த ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே எனக்குப் பிழையின்றிப் பேச வந்த சொல் அது. களை பறிக்கவும் சருகு கூட்டவும் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர். வண்டியை ஓட்டிவந்த இளைஞன் வேறு வேலைக்குப் போனபின், யாரும் கேட்காமலேயே ஓட்டப் பழகிக்கொண்டார். சம்பளம் மட்டும் சருகு கூட்டியபோது கிடைத்ததுதான். வண்டி நின்ற நாள்களில் கையால் தள்ளும் இரண்டு சிறு எந்திரங்களை வைத்துக்கொண்டு, மழையில் நாளுக்கு நாள் வளரும் புல்லோடு அவரும் இன்னொரு பெண்ணும் போராடிக்கொண்டிருந்தார்கள்.

புல்வெட்டும் எந்திரத்துக்கு வயது இருநூறை நெருங்குகிறது. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேல் துருத்தி நிற்கும் இழைகளை மழிக்கும் ஆலை எந்திரத்தைப் பார்த்து, புல்லையும் இப்படி மழிக்கலாமே என்று எண்ணி 1830-இல் காப்புரிமை பெற்றார். நம் ஊர் வெயிலில் அந்த மழித்த புல்தரையை வளர்ப்பதே வீண் ஆடம்பரம் என்பது என் கட்சி. ஆனால் வளாகங்கள் அதைக் கேட்கின்றன. கேட்கும்வரை யாராவது வெட்டத்தான் வேண்டும். அமர்ந்து ஓட்டும் வண்டி என்பது ஒரு குட்டி டிராக்டர். முன்னால் பெட்ரோல் எஞ்சின், நடுவில் வயிற்றுக்கடியில் தொங்கும் தட்டு, தட்டுக்குள் சுழலும் கத்திகள், மேலே ஓர் இருக்கை.

குற்றச்சாட்டு இதுதான்: ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் வண்டி பல நேரம் கிளம்புகிறது, அக்கா உட்கார்ந்தால் பல நேரம் கிளம்புவதில்லை. ஆகவே அவருக்கு ஓட்டத் தெரியவில்லை. சாவியை அணைக்க மறந்து பேட்டரியைத் தீர்த்துவிட்டார். கேட்பதற்குத் தருக்கம் போலவே இருந்தது. ஓர் ஆளோடு ஒரு பழுது ஒட்டிக்கொண்டு வந்தால் பழுது அந்த ஆளுடையது என்று முடிவு கட்டுவதுதான் எளிது.

மேஸ்திரியிடம் நான் இதைச் சொன்னபோது அவர் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "சுத்துதா, பத்துதா? ரெண்டுல எது இல்ல?" என்றார்.

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. பெட்ரோல் எஞ்சின் கிளம்புவது இரண்டு வேறு செயல்கள். முதலில் பேட்டரியின் மின்சாரம் ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கி எஞ்சினைச் சுழற்ற வேண்டும். நம் மெக்கானிக்குகள் ‘செல்ஃப் எடுப்பது’ என்பார்களே, அது. பிறகு அந்தச் சுழற்சியில் உறிஞ்சப்பட்ட பெட்ரோலும் காற்றும் ஸ்பார்க் பிளக்கின் பொறியில் பற்ற வேண்டும். சுழலாத எஞ்சினுக்குக் கார்புரேட்டரைக் கழற்றுவதும், நன்றாகச் சுழன்றும் பற்றாத எஞ்சினுக்குப் பேட்டரி மாற்றுவதும் வீண் வேலை. ஆனால் பட்டறைகளில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் இதுதான். கிளம்பவில்லை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய்களையும் போட்டு மூடிவிடுகிறோம்.

இரண்டல்ல, மூன்று என்று அடுத்த நாள் வேப்பமரத்தடியில் அக்காவை விசாரித்தபோது தெரிந்தது. "சுத்தலைன்னா எப்படிச் சுத்தலை? டக்குன்னு ஒரு சத்தம் வருதா, இழுத்து இழுத்துச் சுத்துதா, இல்ல ஒண்ணுமே இல்லையா?" என்று மேஸ்திரி தெலுங்கில் கேட்டார். அதுவரை யாரும் தன்னிடம் கேட்டிராத கேள்வி என்பதை அக்காவின் முகமே சொன்னது. அவர் தயங்காமல் விடை சொன்னார். மேற்பார்வையாளர் உட்காரும்போது இழுத்து இழுத்துச் சுற்றும். சில சமயம் டக்கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். தான் உட்காரும்போது பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. சத்தமே வராது. விளக்கு மட்டும் எரியும்.

மேஸ்திரி என்னைப் பார்த்து, "ரெண்டு நோய் தம்பி. ஒண்ண ஒண்ணு மறைச்சிட்டு இருக்கு" என்றார்.

இதன் உட்பொருளை என் மொழியில் சொல்கிறேன். சாவியைத் திருப்பும்போது மின்சாரம் இரண்டு பாதைகளில் போகிறது. ஒன்று சிறிய பாதை: மெல்லிய கம்பிகள் வழியே சாவியிலிருந்து சோலனாய்டு என்னும் மின்காந்தப் பூட்டுக்குச் சென்று அதைத் திறக்கச் சொல்கிறது. பூட்டு திறந்ததும் பெரிய பாதை: விரல் தடிமனுள்ள கேபிள் வழியே பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியரையும் தொடும் மின்னோட்டம் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாய்கிறது. டக் என்ற ஒலி பூட்டின் ஒலி. ஒலி வந்தும் எஞ்சின் இழுத்துச் சுற்றினால் பெரிய பாதையில் எங்கோ அடைப்பு. ஒலியே இல்லையென்றால் பூட்டுக்குக் கட்டளையே போய்ச் சேரவில்லை. பழுது சிறிய பாதையில்.

பெரிய பாதையை முதலில் எடுத்துக்கொண்டோம். ஆய்வகத்தில் மில்லிவோல்ட்டின் பின்னங்களை அளக்கும் கருவிகளோடு வாழ்பவன் நான். இங்கே என் பையிலிருந்த முந்நூறு ரூபாய் மல்டிமீட்டரே போதுமானதாக இருந்தது. ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட். முழுமையாக மின்னேறிய ஈய-அமிலப் பேட்டரி காட்ட வேண்டிய அளவு. ஆனால் ஓய்வில் இருக்கும் வோல்ட்டேஜ் பெரிதாக எதையும் நிரூபிக்காது. சுமை ஏற்றும்போதுதான் உண்மை தெரியும். மேற்பார்வையாளரை உட்கார வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னோம். எஞ்சின் இழுத்துச் சுற்றியபோது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 10.4. ஒன்பதரைக்குக் கீழே விழாதவரை கவலையில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாரில் அளந்தபோது 8.7 மட்டுமே. நடுவே 1.7 வோல்ட்டைக் காணவில்லை.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து மோட்டார் வரை 0.3 வோல்ட் இழப்பு, அது வழக்கமானது. எதிர்முனையிலிருந்து எஞ்சினின் உடல் வரை 1.4. திருடன் எர்த் கேபிளில் இருந்தான். இருக்கைக்கடியில் சட்டகத்தோடு அந்தக் கேபிளை இணைக்கும் போல்ட்டைக் கழற்றினால், வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் துரு. அதன் மேல் ஈரப் புல்தூள் ஒட்டி உலர்ந்த மேலோடு. நூறு ஆம்பியர் ஓடும் பாதையில் நூறில் ஒரு பங்கு ஓம் மின்தடை இருந்தால் அதுவே ஒரு வோல்ட்டை விழுங்கிவிடும். பள்ளியில் ஓம் விதியைப் படித்த அனைவருக்கும் இது தெரியும். துருவைப் பார்க்கும்போது மட்டும் யாருக்கும் நினைவு வருவதில்லை. உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பளபளக்கும் இரும்பின் மேல் போல்ட்டை முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். மேற்பார்வையாளர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே மூச்சில் கிளம்பியது.

கைதட்டல் எல்லாம் ஆயிற்று. மேஸ்திரி மட்டும், "இது பாதிதான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

இந்த இடத்தில் பழைய பேட்டரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ‘கெட்டுப்போனது’ என்று கழற்றப்பட்ட அது கிடங்கு மூலையில் கிடந்தது. மூடிகளைத் திறந்து நீர் பார்க்கக்கூடிய வகை. மின்னேற்றம் குறைந்த நிலையில் போட்டு வைத்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் பெரிய படிகங்களாக உறைந்து பேட்டரி உண்மையிலேயே செத்துவிடும் என்பதால், அனுமதி கேட்டு அன்று மாலையே அதை என் அறைக்குக் கொண்டு வந்தேன். மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும் என்பதால் மாடியின் திறந்த வெளியில் வைத்து, குறைந்த ஆம்பியரில் இரவு முழுவதும் மின்னேற்றினேன். காலையில் அமிலத்தின் ஒப்படர்த்தி ஆறு அறைகளிலும் 1.25-ஐ ஒட்டியே இருந்தது. ஓர் அறை மட்டும் பின்தங்கியிருந்தால் பேட்டரி கெட்டது என்று சொல்லலாம். அப்படி ஏதுமில்லை. சில மணிநேரம் ஓய்வு கொடுத்து, ஒரு பழைய கார் முகப்பு விளக்கைச் சுமையாக மாட்டி இரண்டு மணிநேரம் எரியவிட்டேன். அதன் பிறகும் 12 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. வண்டியில் மாட்டிச் சுற்றவிட்டபோது புதியதற்கும் அதற்கும் வேறுபாடே தெரியவில்லை. நலமான பேட்டரியைக் குப்பைக்கு அனுப்பி, அதன் விலையை ஒரு கூலித் தொழிலாளியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்த அளவுகளை நேரத்தோடும் தேதியோடும் என் ஆய்வேட்டிலேயே குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்து ஓடிச்சே, இன்னிக்கு என்ன பண்ணினே?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

மேஸ்திரி வண்டியைத் தொடவில்லை. ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். மறுபடி. மறுபடி. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எஞ்சினை அல்ல, அக்காவின் கால்களை.

சிறிய பாதை சாவிக்கும் சோலனாய்டுக்கும் இடையே நேராகப் போவதில்லை. நடுவே மூன்று சுவிட்சுகள் காவல் நிற்கின்றன. கத்தியை இயக்கும் குமிழ் அணைந்திருக்க வேண்டும். அது முதல் சுவிட்ச். பிரேக் மிதி முழுவதும் அழுந்தியிருக்க வேண்டும், அது இரண்டாவது. இருக்கையில் ஆள் இருக்க வேண்டும், அது மூன்றாவது. எல்லா வண்டிகளிலும் கிளப்புவதற்கு இருக்கைச் சுவிட்ச் தேவைப்படுவதில்லை; இந்த வண்டியில் தேவை. மூன்றும் ஒத்துக்கொண்டால்தான் கட்டளை பூட்டை அடையும். அதோடு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆள் இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சினை அணைப்பதும் அதே இருக்கைச் சுவிட்சின் வேலை. ஆக, சாவியைத் திருப்பியும் சத்தமில்லாமல் நிற்கும் வண்டி பழுதாகித்தான் நிற்கிறது என்றில்லை. ஏதோ ஒன்றைச் சரிபார்த்து, மறுத்து நிற்கலாம்.

இருக்கையின் முன்விளிம்பு கீலில் மாட்டியிருக்கிறது. பின்பகுதியைச் சுருள்வில் தாங்குகிறது. ஆள் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தால் வில் அமுங்கி, கீழேயுள்ள சுவிட்ச் மூடும். அக்காவின் உயரம் நாலே முக்கால் அடி. எடை நாற்பத்தொரு கிலோ. பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தால் பிரேக் மிதி காலுக்கு எட்டாது. மிதியை முழுவதும் அழுத்த அவர் இருக்கையின் விளிம்புவரை முன்னால் நகர வேண்டும். நகர்ந்தால் உடலின் பாரம் கீலின் மேல் விழும், பின்பகுதி மேலெழும், சுவிட்ச் திறந்துகொள்ளும். மிதியை அழுத்தினால் இருக்கையில் ஆள் இல்லை. இருக்கையில் ஆள் இருந்தால் மிதி அழுந்தவில்லை. இரண்டையும் ஒருங்கே செய்ய அந்த உடலால் இயலாது. எப்போதாவது தற்செயலாக ஒரு கோணம் அமைந்தபோது வண்டி கிளம்பியிருக்கிறது. மேற்பார்வையாளர் ஐந்தே முக்கால் அடி. அவருக்கு இப்படியொரு சிக்கல் இருப்பதே தெரிய வாய்ப்பில்லை.

மல்டிமீட்டரைச் சுவிட்சின் இரு முனைகளில் வைத்து உறுதி செய்தோம். மேற்பார்வையாளர் அமர்ந்தால் பீப் ஒலி. நான் அமர்ந்தால் பீப். அக்கா பின்னால் சாய்ந்து அமர்ந்தாலும் பீப்தான். காலை மிதிக்கு நீட்டினார், ஒலி நின்றது. சுற்றி நின்றவர்கள் ஏழெட்டுப் பேர். யாரும் ஒன்றும் பேசவில்லை. அக்காதான் முதலில் சிரித்தார். "நான் உட்கார்ந்திருக்கேன்னு இதுக்குத் தெரியல" என்றார்.

ஒப்பந்தக்காரர் அனுப்பிய எலக்ட்ரீஷியனிடம் உடனடித் தீர்வு இருந்தது: "டைரக்ட் பண்ணிடலாம்." சுவிட்சின் இரு கம்பிகளையும் உரித்து முறுக்கி, மேலே டேப் ஒட்டிவிட்டால் வண்டி எப்போதும் இருக்கையில் ஆள் இருப்பதாகவே நம்பும். அரை நிமிட வேலை, செலவில்லை. நம் நாட்டில் இப்படி ‘டைரக்ட்’ செய்யப்பட்ட காவல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மாவாட்டும் எந்திரத்தின் மூடிச் சுவிட்ச், லிஃப்ட் கதவின் சுவிட்ச், ஆலைகளில் அச்சு எந்திரத்தின் இரட்டைக் கைப் பொத்தான்.

மேஸ்திரிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். டீசல் எஞ்சின்களோடு வாழ்ந்த மனிதர் அவர். 1962-இல் அமெரிக்க ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்களைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார். அவற்றில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பேட்டரிகளின் மின்சாரம் மெயின் ஜெனரேட்டரையே சில நொடிகளுக்கு மோட்டாராக மாற்றிப் பதினாறு சிலிண்டர்களையும் சுழற்றும். பேட்டரி தளர்ந்த எஞ்சினை வழியில் அணைத்துவிட்டால் மறுபடி கிளப்ப முடியுமா என்ற அச்சத்திலேயே மணிக்கணக்கில் அணைக்காமல் நிறுத்தி வைப்பார்கள். அதே எஞ்சின்களில் பின்னாளில் ‘விஜிலென்ஸ் கன்ட்ரோல் டிவைஸ்’ என்ற கருவி வந்தது. ஓட்டுநர் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு எந்த விசையையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும். பிறகு ஒலி எழும். அதற்கும் அசையவில்லையென்றால் ரயிலே தானாக பிரேக் போட்டு நின்றுவிடும். "ஆள் இருக்கானான்னு வண்டி கேட்கும் தம்பி. கேட்கிற வாயை அடைச்சிட்டு ரயில விட முடியுமா?" என்றார்.

எலக்ட்ரீஷியன், "இது ரயில் இல்லையே, புல்லு வெட்டற வண்டிதானே" என்றார்.

அதற்கு நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அரை மீட்டர் நீளமுள்ள கத்தி நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் அதன் முனையின் வேகம் நொடிக்கு 78 மீட்டர். மணிக்கு 280 கிலோமீட்டர். சரிவில் வண்டி குலுங்கி அக்கா கீழே விழுந்தால், அந்தச் சுவிட்ச் ஒன்றுதான் அவர் கால்களுக்கும் கத்திக்கும் நடுவே நிற்கிறது. அமெரிக்காவில் தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளுக்கு 1982-இல் நடைமுறைக்கு வந்த விதி, கைப்பிடியை விட்ட மூன்று நொடிகளுக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்கிறது. துண்டான விரல்களின் எண்ணிக்கைதான் அந்த விதியை எழுத வைத்தது. இதைச் சொன்னபோது எலக்ட்ரீஷியன் தம் இடக்கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அதில் ஒரு விரல் பாதிதான் இருந்தது என்பதை நான் பிறகே கவனித்தேன். அதன் பிறகு அவரும் எங்களோடு சேர்ந்து வேலை பார்த்தார்.

எந்திரத்தைக் கிளப்புவது உடலோடு தொடர்புடைய கேள்வியாக முன்பும் இருந்திருக்கிறது. தொடக்ககாலக் கார்களை முன்னால் நின்று கைப்பிடியால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-இன் காடிலாக் கார்களில் வந்தபோது, தோள்வலு இல்லாதவர்களும் காரைக் கிளப்பலாம் என்றாயிற்று. நூறாண்டு கழித்து அதே மோட்டாருக்குப் போகும் கம்பியின் நடுவே ஓர் இருக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டடி தள்ளி நின்று பார்த்தால் அது யாருடைய உடலை மனத்தில் வைத்து வார்க்கப்பட்டது என்பது தெரிகிறது. வடிவமைத்தவர்மீது எனக்குப் பெரிய கோபமில்லை. அவர் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தத் தண்டவாளம் வைத்திருக்கிறார். வாங்கிய நாள் முதல் யாரும் அதை நகர்த்தாததால் போல்ட்டுகள் துருவேறி இறுகிவிட்டன.

அந்தப் போல்ட்டுகளைக் கழற்ற ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, இரண்டு தானாக வந்தன; இரண்டை அறுக்க வேண்டியிருந்தது. இருக்கையை முன்கோடி வரை நகர்த்தினோம். அப்போதும் மிதி முழுவதும் எட்ட இரண்டங்குலம் குறைந்தது. தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் மிதியின் மேல் போல்ட் போட்டு இறுக்கும்படி ஓர் இரும்புக் கட்டை செய்து வாங்கினோம். வழுக்காமலிருக்க மேலே பழைய டயர் ரப்பர். சுருள்வில்லை மட்டும் மேஸ்திரி எளிதில் தொடவில்லை. மெல்லிய வில்லைப் போட்டால் வெறும் இருக்கையே தன் எடையில் சுவிட்சை மூடிவிடக்கூடும் என்றார். ராணிகஞ்ச் கடைகளில் அலைந்து மூன்று வில்கள் வாங்கி வந்து, ஒவ்வொன்றாக மாட்டி, மண் மூட்டைகளை வைத்துப் பார்த்து, முப்பது கிலோவுக்கு மூடி, பத்துக் கிலோவுக்குத் திறந்தே இருக்கும் ஒன்றைத் தேர்ந்தார்.

பிறகு சோதனை. அக்கா ஏறி அமர்ந்து மிதியை அழுத்திச் சாவியைத் திருப்பினார், கிளம்பியது. கத்தியை இணைக்காமல், மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு இருக்கையிலிருந்து எழச் சொன்னார் மேஸ்திரி. எழுந்ததும் எஞ்சின் அணைந்தது. இதைப் பத்து முறை செய்யவைத்தார். பத்து முறையும் கிளம்பியது. பத்து முறையும் அணைந்தது. கிளம்பியதைவிட அணைந்ததற்குத்தான் அவர் அதிகம் தலையாட்டினார்.

நான் ஒரு பக்க அறிக்கை எழுதினேன். பழைய பேட்டரியின் அளவுகள், எர்த் கேபிளின் இழப்பு, இருக்கைச் சுவிட்சின் நடத்தை. முடிவாக, இப்பழுதுகள் எதுவும் ஓட்டுநரின் செயலால் நேர்ந்தவை அல்ல என்று ஒரு வரி. தெலுங்கில் நண்பர் ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். நான்காண்டு ஆய்வில் எழுதிய எதையும்விட வேகமாகப் பலன் தந்தது அதுதான் என்று ஆய்வு நெறியாளரிடம் சொன்னேன். அவர் ரசித்ததாகத் தெரியவில்லை. எஞ்சிய இரண்டு தவணைகளும் ரத்தாயின. பிடித்த 1,400 ரூபாயை மட்டும், அடுத்த சம்பளத்தோடு ‘முன்பணம்’ என்று குறித்துத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள். பணம் வந்துவிட்டதே என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "முன்பணம்னு எழுதினா தீபாவளிக்கு மறுபடி பிடிப்பாங்க சார்." எழுத்தர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘தவறுதலாகப் பிடித்த தொகை’ என்று எழுதிய பிறகே பேனாவை வாங்கினார். ஓட்டுநருக்குரிய கூலி வேண்டுமென்ற அவருடைய மனு இன்னும் எங்கோ மேசையில் கிடக்கிறது.

குளிர்காலத்தில் இங்கே புல் வளர்வது நின்றுபோகும். டிசம்பரும் ஜனவரியும் வண்டி ஓய்ந்திருந்தது. பிப்ரவரியில் ஒரு காலை அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மேஸ்திரி வெளியே வந்தார். "தாத்தா, நல்லாச் சுத்துது. பத்தலை" என்றார் அக்கா. மேஸ்திரி செருப்பைக்கூடத் தேடவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, பெட்ரோல் எப்போது ஊற்றியது என்று கேட்டார். நவம்பரில். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கிடந்தால் கார்புரேட்டரின் நுண்துளையில் பிசின்போலப் படிந்து அடைக்கும். சாவியைத் திருப்பி, எஞ்சினைச் சுற்றவிடாமல் காதை வைத்துக் கேட்டால் கார்புரேட்டரின் அடியில் ஒரு மெல்லிய கிளிக் வருகிறதா என்றார். வருகிறதாம், அதை அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டே வந்திருக்கிறார். அப்படியானால் எரிபொருளைத் திறக்கும் சிறு பூட்டு வேலை செய்கிறது. கிண்ணத்தைக் கழற்றி, பழைய பெட்ரோலைக் கொட்டி, மெல்லிய செம்புக் கம்பியால் துளையைச் சுத்தம் செய்யச் சொன்னார் மேஸ்திரி. கிண்ணத்தைத் தொடும் முன் பேட்டரியின் எதிர்முனைக் கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்பதை இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

பதினோரு மணிவாக்கில், ஆய்வகத்துக்குப் புறப்பட நான் படியிறங்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து எஞ்சின் ஓசை கேட்டது. மேஸ்திரி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பிளக்கையும் ஒரு தடவை துடைக்கச் சொல்லியிருக்கணும்" என்றார்.